கண்ணா, காதா, கையா?

பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது நிபோங் திபால். பக்கத்திலேயே பேராக் மாநிலத்தின் பாரிட் புந்தார். முதலில் கரும்புக்கும் பின்னர் ரப்பருக்கும் என்று தமிழர்கள் வந்து இறங்கிய தோட்டங்களின் வட்டாரம் இது. கலிடோனியா, பைரம், டிரான்ஸ்கிரியான் என்ற பெயர்களைச் சொன்னாலே செபராங் பிறை தெற்கில் வயதானவர்களுக்கு வீடும் உறவும் நினைவுக்கு வரும். தோட்டங்கள் சுருங்கிவிட்டன. குடும்பங்கள் தொழிற்சாலை வேலைக்கும் தாமான் வீடுகளுக்கும் மாறிவிட்டன. பைரம் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் டிரான்ஸ்கிரியான் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டு நடக்கின்றன.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நாட்டின் எல்லாப் பள்ளிகளோடு இவையும் பூட்டப்பட்டன. இல்லிருப்புக் கற்றல் என்ற பெயரில் வகுப்பறை வீட்டுக் கூடத்துக்கு வந்தது. ஆண்டு 2 படிக்கும் தம்பியும் ஆண்டு 5 படிக்கும் அக்காவும் ஒரே கைப்பேசிக்குக் காத்திருந்த வீடுகளில், சொல்லித் தரும் பொறுப்பு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பாட்டிக்கோ போனது. தங்கள் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பல பெற்றோர் அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருத்தி வாய்விட்டுப் படித்து மனத்தில் நிறுத்துகிறாள். ஒருவன் படம் போட்டுக் காட்டினால்தான் தலையாட்டுகிறான். இன்னொன்று எதையாவது கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்காமல் உட்காராது.

இந்த வேறுபாட்டுக்கு ஆயத்தமாக ஒரு விளக்கம் உலவுகிறது. பிள்ளைகளில் கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று வகைகள் உண்டு. வகையைக் கண்டுபிடித்து அதற்கேற்பக் கற்பித்தால் பிள்ளை முன்னேறும் என்பது அது. பெற்றோர் கூட்டங்களிலும் டியூஷன் விளம்பரங்களிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். மலேசியாவின் விவேகப் பள்ளித் திட்டத்துக்காக 1997இல் வெளியான வரைவிலேயே மாணவர்களின் கற்றல் பாணி பற்றிய பேச்சு உண்டு. இந்த நாட்டுக்கு மட்டுமான நம்பிக்கையும் இல்லை. பிரிட்டன், நெதர்லாந்து, துருக்கி, கிரீஸ், சீனா ஆகிய ஐந்து நாடுகளின் ஆசிரியர்களிடம் கேட்டதைத் தொகுத்து 2014இல் ஓர் ஆய்வாளர் எழுதினார். ஒவ்வொரு நாட்டிலும் 93 முதல் 97 விழுக்காட்டு ஆசிரியர்கள் இந்தக் கருத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களே நம்புவதைப் பெற்றோர் நம்புவதில் வியப்பில்லை.

இக்கருத்துக்குப் பரவலான வடிவம் தந்தவர்களில் ஒருவர் நியூசிலாந்தின் நீல் பிளெமிங். பள்ளி ஆய்வாளராக ஆயிரக்கணக்கான வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தவர். பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்வது என நான்காகப் பிரித்து அவர் உருவாக்கிய வினாத்தாள் 1992க்குப் பிறகு உலகெங்கும் போனது. அதற்கு முன்னும் பின்னும் வந்த முறைகள் ஏராளம். 2004இல் பிரிட்டனில் எண்ணிப் பார்த்தபோது கற்றல் பாணிகளைப் பிரிக்கும் முறைகள் மட்டும் 71 கிடைத்தன. ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் எழுதிய பன்முக நுண்ணறிவுக் கொள்கையையும் பலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு என்று கார்ட்னரே 2013இல் தெளிவாக எழுதிவிட்டார்.

இந்தக் கருத்தைச் சோதிப்பது கடினமில்லை. படம் பிடித்தவர்களை ஒரு கூட்டமாகவும் கேட்பது பிடித்தவர்களை ஒரு கூட்டமாகவும் பிரியுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பாதிப் பேருக்குப் படமாகவும் மீதிப் பேருக்குச் சொல்லாகவும் அதே பாடத்தை நடத்துங்கள். யார் எந்தப் பாதி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கடைசியில் எல்லாருக்கும் ஒரே தேர்வு. கருத்து சரியென்றால், படம் பிடித்த பிள்ளை படத்தில் கற்றபோதும், கேட்பது பிடித்த பிள்ளை கேட்டுக் கற்றபோதும் கூடுதல் மதிப்பெண் வாங்க வேண்டும். எல்லாருமே படத்தில் நன்றாகச் செய்தால் அந்தப் பாடத்துக்குப் படம் ஏற்றது என்றுதான் பொருள். பிள்ளையின் பாணிக்கு அதில் பங்கில்லை.

ஹரோல்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அதுவரை வந்த ஆய்வுகளைத் தேடினார்கள். இப்படி முறையாக நடந்தவையே மிகச் சில. அவற்றிலும் பல எதிரான முடிவையே காட்டின. 2015இல் பெத் ரொகோவ்ஸ்கியும் துணை ஆய்வாளர்களும் பெரியவர்களிடம் ஒரே புத்தகப் பகுதியைச் சிலருக்கு ஒலியாகவும் சிலருக்கு எழுத்தாகவும் கொடுத்து, உடனேயும் இரண்டு வாரம் கழித்தும் சோதித்தார்கள். கேட்பது பிடித்தவர்கள் கேட்டதால் கூடுதலாக எதையும் நினைவில் வைக்கவில்லை. 2020இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்தபோதும் பாணிக்கேற்ற கற்பித்தல் பலன் தரவில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2024இல் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், பாணிக்குப் பொருத்திக் கற்பித்தலுக்குச் சராசரியாக ஒரு சிறு பலன் தெரிந்தது. ஆனால் மேலே சொன்ன சோதனையைத் தாண்டும் வகையில், ஒவ்வொரு கூட்டமும் தன் வழியில்தான் மேலாகக் கற்றது என்று காட்டியவை அதில் இருந்த அளவீடுகளில் 26 விழுக்காடு மட்டுமே. ஆளுக்கொரு பாடத்திட்டம் வகுத்து உழைப்பதற்கு இந்த ஆதாரம் போதாது என்று அதை எழுதியவர்களே சொன்னார்கள்.

பிறகு ஏன் இது இவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது? விருப்பம் உண்மையானது என்பதால். படம் பிடித்த பிள்ளைக்குப் படம் உண்மையிலேயே பிடிக்கிறது. அதில் உட்கார்கிறான், முகம் மலர்கிறது. கற்றுக்கொண்டான் என்று நமக்குத் தோன்றுகிறது, அவனுக்கும் தோன்றுகிறது. 2017இல் வந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகத் தொட்டது. படம் பிடித்தவர்கள் படங்களை நன்றாக நினைவில் வைப்போம் என்றும், சொல் பிடித்தவர்கள் சொற்களை நினைவில் வைப்போம் என்றும் எதிர்பார்த்தார்கள். உண்மையில் நினைவில் நின்றதற்கும் அந்த எதிர்பார்ப்புக்கும் தொடர்பில்லை. வசதியாக இருக்கிறது என்ற உணர்வும் மனத்தில் தங்குவதும் வேறு வேறு.

முத்திரை குத்துவதால் கேடும் உண்டு. அமெரிக்காவில் 2023இல் வெளியான ஓர் ஆய்வில் பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகள் ஆகிய மூன்று தரப்பும், கண்ணால் கற்பவர் என்று சொல்லப்பட்ட பிள்ளையைக் கையால் கற்பவரைவிடக் கெட்டிக்காரராக மதித்தார்கள். வேறு எந்தத் தகவலும் அவர்களுக்குத் தரப்படவில்லை, அந்த முத்திரை மட்டுமே. நம் வீடுகளில் இது எங்கே கொண்டு போகும் என்பது எனக்குக் கவலை தருகிறது. ‘இவன் கை வேலைக்குத்தான் ஆவான், படிப்பு ஏறாது’ என்ற பேச்சு தோட்டத்துத் தலைமுறைகளை நிறையவே காயப்படுத்தியிருக்கிறது. அதையே அறிவியல் பெயரில் ஏழு வயதுப் பிள்ளையிடம் திரும்பச் சொல்லக் கூடாது. 2001 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இதே நிபோங் திபாலில் இயங்குகிறது. பழுதான மின்விசிறியைப் பிரித்துப் போடும் கையும் அதன் சுற்றுவேகத்தைக் கணக்கிடும் மூளையும் அந்தப் படிப்பில் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன.

அப்படியென்றால் படமும் பாட்டும் கைவேலையும் வேண்டாமா? கட்டாயம் வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். எது எப்போது என்பதைப் பாடம் முடிவு செய்யட்டும்.

எழுத்தை எடுத்துக்கொள்வோம். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே அந்த எழுத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். கண், காது, வாய், விரல் எல்லாம் ஒரே நேரத்தில் அதே எழுத்தில் இருந்தன. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், குதிரையில் போகும்போது இப்படிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். ஜானி பிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் பொறுப்பைக் கொடுத்தார். அவன் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக் காட்டினான். 1797இல் லண்டனில் பெல் இதை நூலாக வெளியிட, மணலெழுத்து இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் வரை போனது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு மூளைப் படக் கருவி இதற்கு ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தது. 2012இல் கேரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில எழுத்துகளைத் தட்டச்சு செய்யவும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் ஓட்டவும், சிலவற்றைத் தாங்களே எழுதவும் வைத்தார்கள். பின்னர் எழுத்துகளைக் காட்டியபோது, வாசிப்பில் ஈடுபடும் மூளைப் பகுதிகள் தாங்களே எழுதிய எழுத்துகளுக்குத்தான் தெளிவாக விழித்தன. கோணலாகவே எழுதினாலும் பிள்ளை தானாக வடிவத்தைக் கட்டும்போது எதை விட்டால் எழுத்து மாறிவிடும் என்று கற்கிறது போலும். ஆகவே பயிற்றுநூலின் புள்ளிக்கோட்டோடு நின்றுவிடாதீர்கள். தட்டில் அரிசியோ ரவையோ பரப்பி, பார்க்காமல் எழுதச் சொல்லுங்கள்.

எழுத்திலேயே இன்னொரு சிக்கல் நம் ஊர்ப் பேச்சில் இருக்கிறது. ‘வாழைப்பழம்’ என்று எழுதுகிறோம். வீட்டில் காதில் விழுவது பெரும்பாலும் ‘வாளப்பளம்’. ல, ள, ழ பேச்சில் கலந்துவிட்ட வீட்டில், காதை மட்டும் நம்பும் பிள்ளை எழுத்துப் பிழை செய்தே தீரும். அவளுக்குக் காதுவழிக் கற்றல் எவ்வளவு பிடித்திருந்தாலும் இந்த இடத்தில் கண்ணும் கையும்தான் துணை. அதே பிள்ளை ஒரு செய்யுளை மனனம் செய்ய வேண்டுமானால் ஓசை இல்லாமல் முடியாது.

பின்னம் இன்னும் நல்ல சான்று. ரொட்டி சானாயை நான்காகக் கிழித்து ஒரு துண்டைக் கையில் கொடுத்தால் கால் என்பது விளங்கும். அங்கேயே நின்றுவிட்டால் 5/4 வரும்போது பிள்ளை திகைப்பான். ஒரு ரொட்டியில் ஐந்து கால் எப்படி வரும்? அப்போது தரையில் சாக்பீஸால் ஓர் எண்கோடு போட்டு, 0க்கும் 1க்கும் நடுவில் நான்கு சம அடி வைத்து, ஐந்தாவது அடியை எடுக்கச் சொல்ல வேண்டும். பிறகு ஏன் அங்கே வந்து நின்றான் என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். தசமத்துக்குக் காசு உதவும்: 3 வெள்ளி 5 காசை 3.5 என்று எழுதும் பிள்ளையிடம், கடைக்காரர் 3.50 வாங்கிக்கொண்டால் சரியா என்று கேளுங்கள். கை, கண், வாய் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இதில் எந்த ஒன்றையும் ‘உனக்கு இது ஒத்துவராது’ என்று விட்டுவிட முடியாது.

பிள்ளைக்குப் பிள்ளை உள்ள பெரிய வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது: ஏற்கெனவே என்ன தெரியும் என்பதில். 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் அமெரிக்க மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். கிரியான் ஆற்றில் இரவுப் படகில் போய், பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மின்னுவதைக் கண்ட பிள்ளைக்கு அறிவியல் பாடத்தில் வாழிடம் என்ற பகுதி பாதி தெரிந்த பாடம். அதற்குக் கண்ணால் கற்பவன் என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. போகாத பிள்ளையை அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

மலேசியத் தமிழ்க் குடும்பத்தில் இந்த முன்னறிவு மொழிக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. இதை நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2003இல் ஆண்டு 1இல் சேர்ந்த தலைமுறை கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்றது. 2011 முதல் தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு 1 பாடம் மீண்டும் தமிழுக்கு வந்தது. அன்று ஆங்கிலத்தில் கற்றவர்கள் இன்று பெற்றோராகி, தமிழில் கற்கும் தம் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார்கள். அதே பிள்ளை படிவம் 1க்குப் போனதும் பின்னம் ‘பெச்சஹான்’ ஆகிறது, தசமம் ‘பெர்புலுஹான்’ ஆகிறது. ஆண்டு 6 வரை கணக்கில் முன்னணியில் இருந்த பெண் படிவம் 1இல் திடீரென்று பின்தங்கினால், அவள் பாணி மாறிவிடவில்லை. கேள்வியின் மொழி மாறியது. மலாயில் ‘ருமா பெசார்’ என்று பெயர் முன்னும் அடை பின்னும் வரும். தமிழில் ‘பெரிய வீடு’. இந்த வரிசை பழகாத பிள்ளை நீண்ட கணக்குக் கேள்வியில் எது எதைக் குறிக்கிறது என்று தடுமாறும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு, ஒவ்வொரு கணிதச் சொல்லையும் தமிழ், மலாய், ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கும் போட்டு ஆண்டு 4இலிருந்தே சேர்த்து வந்தால், எந்தப் பாணி வினாத்தாளைவிடவும் அது உதவும்.

பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. தொற்றுக்காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டது இல்லம் தேடிக் கல்வித் திட்டம். பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களான தன்னார்வலர்கள், மாலையில் தெருவிலோ கோயில் மண்டபத்திலோ வீட்டுத் திண்ணையிலோ ஏறத்தாழ இருபது பிள்ளைகளை வைத்து எழுத்தும் எண்ணும் சொல்லித் தந்தார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தார்கள். பள்ளி மூடியதால் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. ஏழைப் பிள்ளைகள் இன்னும் வேகமாக மீண்டார்கள். கண், காது, கை என்று அங்கே யாரும் பிள்ளைகளைப் பிரிக்கவில்லை. பக்கத்துத் தெரு அக்கா தினமும் வந்து உட்கார்ந்து, விட்டுப்போனதைச் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் பாடம் சொல்லித் தரும் ஒருவருக்குப் பட்டம் இல்லையே என்ற தயக்கம் இருந்தால், இந்த எண்களைப் பார்த்தாவது அது நீங்கட்டும்.

கற்றதைத் தங்க வைப்பதற்கு எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான வழிகள் சில உறுதியாகத் தெரிந்திருக்கின்றன. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் மாணவர்களை ஒரு பகுதியைப் படிக்கச் செய்தார்கள். ஒரு பிரிவு நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு பிரிவு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்து வைத்தபோது அவர்களிடம் 40 விழுக்காடு மிஞ்சியது. மூடி எழுதியவர்களிடம் 61. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடமும் இந்த விளைவு உண்டு. கேள்வி சிறிதாகவும், தடுமாறினால் ஒரு குறிப்புத் தந்தும் இருந்தால் போதும்.

ஆகவே மின்மினியைப் பார்த்துவிட்டு வந்த இரவோடு பாடம் முடிவதில்லை. இரண்டு நாள் கழித்துச் சோறு சாப்பிடும்போது, எந்த மரத்தில் பார்த்தோம் என்று கேளுங்கள். மின்மினியின் புழு நத்தையைத் தின்று வளர்வது என்று அன்று சொல்லியிருந்தால், ஆற்றங்கரைச் சேற்றை வெட்டிக் கல் பதித்தால் மின்மினிக்கு என்ன ஆகும் என்று அடுத்த வாரம் கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள். தேடி எடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவை உறுதியாக்குகிறது. அதே கேள்வியை அண்ணனுக்கும் தங்கைக்கும் அவரவர் அறிந்த அளவுக்கு மாற்றிக் கேட்கலாம்.

கணக்கிலும் ஒரு பழக்கத்தை மாற்றலாம். பெருக்கலில் இருபது, பிறகு வகுத்தலில் இருபது என்று ஒரே வகையாகப் போடச் சொல்வது நம் வழக்கம். 2007இல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் திடப்பொருள்களின் கன அளவைக் காணும் கணக்குகளைச் சிலருக்கு வகைவகையாகவும் சிலருக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகையாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் நிலை தலைகீழானது: வகையாகச் செய்தவர்களுக்கு 20, கலந்து செய்தவர்களுக்கு 63. எந்த வழியில் போடுவது என்று தேர்ந்தெடுப்பதும் கணக்கின் பகுதி. வகையாகப் போடும்போது அந்தத் தேர்வைத் தாளே செய்துவிடுகிறது. கலந்து கொடுத்தால் பிள்ளை அதிகம் தப்புவிடும். அதைப் பார்த்துப் பதறி நிறுத்திவிடாமல் இருப்பது பெற்றோருக்குக் கடினம், ஆனால் அவசியம்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளிடம் உடலிலும் மூளையிலும் உண்மையான வேறுபாடுகள் இருக்கின்றன. அவற்றைப் பாணி என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. எப்போதும் கேட்டே கற்க விரும்பும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் இருக்கலாம்; கண்ணைச் சோதியுங்கள். படத்தை மட்டும் நாடும் பிள்ளைக்குக் காதில் குறை இருக்கலாம், செவியைச் சோதியுங்கள். பேச்சில் துடிப்பாக இருந்து எழுத்தைக் கண்டால் ஒதுங்கும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம். சொல்லின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு சேர்ப்பதில் வரும் தடை அது. அறிவுக் குறைவு இல்லை. எழுத்தும் ஒலியும் சீராகப் பொருந்தும் மொழிகளில் இது பிழையாக வெளிப்படுவதைவிட வாசிப்பின் மந்தமாகவே வெளிப்படுகிறது. எனவே தமிழில் தட்டுத் தடுமாறியாவது வாசித்துவிடும் பிள்ளை ஆங்கிலத்தில் முழுக்கத் திணறலாம். அப்படிக் கண்டால் படங்காட்டிச் சமாளிக்காமல், ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைக்கும் பயிற்சி தர வேண்டும். வகுப்பாசிரியரிடம் குறைநீக்கல் வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். மருத்துவரின் மதிப்பீடு தேவையா என்றும் கேளுங்கள். போகும்போது, பிள்ளை எந்தெந்தச் சொல்லில் நிற்கிறது, எந்த மொழியில், ஒரு பக்கம் வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று இரண்டு வாரம் எழுதிவைத்த குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள். பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஆசிரியர் காண முடியாதது அந்தக் குறிப்பில் இருக்கும்.